எஞ்சின் விடை சொல்லும், காரணம் சொல்லாது

ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் எஞ்சின் இலவசம். சாதாரணக் கைப்பேசியிலேயே ஓடும். உலகச் சாம்பியனும் அதனிடம் தோற்றுப்போவார். பயிற்றுநர் யாரும் இல்லாமல், வேலை முடிந்து வந்து இரவில் செஸ் கற்கும் என்னைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பெரிய வாத்தியார் கிடைக்க மாட்டார் என்றுதான் தோன்றும். ஆனால் ஆடிய ஆட்டத்தை அதில் போட்டுப் பார்த்தால் ஒரு நகர்வின் பக்கத்தில் +1.4 என்று ஓர் எண் நிற்கிறது. வெள்ளைக்கு ஏறக்குறைய ஒன்றரைச் சிப்பாய் அளவு சாதகமாம். 'சரி, ஏன்?' என்று கேட்டால் இன்னும் பத்து நகர்வுகளைக் காட்டும். அதுக்கும் 'ஏன்?' என்றால் மறுபடியும் நகர்வுகள்தான்.

இந்த மௌனம் யாரோ சேர்க்க மறந்த வசதி அல்ல. அதற்கு எழுபது ஆண்டு வரலாறு இருக்கிறது.

1948-இல் ஆலன் டூரிங்கும் அவருடைய நண்பர் டேவிட் சாம்பர்நௌனும் ஒரு செஸ் நிரலை வகுத்தார்கள். அதை ஓட்டக்கூடிய கணினி அப்போது இல்லை. 1952-இல் டூரிங்கே கணினியாக உட்கார்ந்து, தாளில் கணக்குப் போட்டு ஓர் ஆட்டம் ஆடினார். ஒரு நகர்வுக்கு அரை மணி நேரம் பிடித்தது. கடைசியில் தோற்றார். இதற்கிடையில், 1950-இல் கிளாட் ஷானன் எழுதிய கட்டுரை இரண்டு வழிகளை முன்வைத்தது. ஒன்று, எல்லா நகர்வுகளையும் குறிப்பிட்ட ஆழம்வரை அலசிவிடுவது. மற்றது, உருப்படியாகத் தெரியும் சில நகர்வுகளை மட்டும் பொறுக்கி ஆழமாகப் பார்ப்பது. மனிதர்கள் ஆடுவது இரண்டாவது வழியில்.

இரண்டாவது வழிக்குத் தன் பிற்கால வாழ்க்கையைக் கொடுத்தவர் மிகையீல் பொட்வின்னிக். மூன்று முறை உலகப் பட்டத்தைக் கைப்பற்றியவர், தொழிலால் மின்பொறியாளர். தேர்ந்த ஆட்டக்காரர் எப்படி யோசிக்கிறாரோ அப்படியே யோசிக்கும் இயந்திரம் வேண்டும் என்று 'பயனியர்' என்ற நிரலில் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். அது ஒரு முழு ஆட்டத்தைக்கூட ஆடியதில்லை. வென்றது முதல் வழிதான். 1997 மே மாதம் நியூயார்க்கில் பொட்வின்னிக்கின் மாணவரான காஸ்பரோவை 3.5–2.5 என்று தோற்கடித்த டீப் ப்ளூ, நொடிக்கு ஏறத்தாழ 20 கோடி நிலைகளை அலசியது.

அப்போதும்கூட காரணம் முழுசாகத் தொலைந்துவிடவில்லை. ஸ்டாக்ஃபிஷ் திறந்த மூல நிரல். இரட்டைச் சிப்பாய்க்கு இவ்வளவு கழி, ராஜாவைச் சுற்றிப் பாதுகாப்பு இல்லையென்றால் இவ்வளவு கழி என்று மனிதர்கள் எழுதிய விதிகள் அதில் இருந்தன. பொறுமை இருந்தால் வாசித்துப் புரிந்துகொள்ளலாம். 2017-இல் ஆல்பாஜீரோ வந்தது. விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஒன்பது மணி நேரத்தில் தன்னோடு தானே 4 கோடியே 40 லட்சம் ஆட்டங்கள் ஆடிக் கற்றது. ஸ்டாக்ஃபிஷோடு ஆடிய 100 ஆட்டங்களில் 28 வெற்றி, 72 சமன், தோல்வியே இல்லை. 2020-இல் ஸ்டாக்ஃபிஷும் நரம்பியல் வலையமைப்பைச் சேர்த்துக்கொண்டது. 2024-க்குள் மனிதர் எழுதிய அந்த மதிப்பீட்டு விதிகள் நிரலிலிருந்து நீக்கப்பட்டன. எஞ்சின் இன்னும் பலசாலி ஆனது. பொறியாளனாக எனக்கு அது நியாயமான முடிவு. மாணவனாகப் பார்த்தால், வாத்தியாரிடம் இருந்த கொஞ்சநஞ்ச உரைநூலும் போய்விட்டது.

அப்படியானால் பேசாத வாத்தியாரிடம் பாடம் கேட்க முடியாதா? முடியும் என்று முதலில் காட்டியவர் வால்டர் பிரவுன். 1970களின் பிற்பகுதியில், யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், ராஜாவும் ராணியும் ஒரு பக்கம், ராஜாவும் யானையும் மறுபக்கம் என்ற முடிவாட்டத்தின் எல்லா நிலைகளையும் கணினியில் தீர்த்துவைத்தார். ராணி இருப்பவர் சுலபமாக வெல்வார் என்றுதான் புத்தகங்கள் சொல்லின. பலமுறை அமெரிக்கச் சாம்பியனான பிரவுன், 50 நகர்வுக்குள் முடித்துவிடுவேன் என்று 100 டாலர் பந்தயம் கட்டினார். முடியவில்லை. யானை ராஜாவை ஒட்டியே நிற்க வேண்டும் என்பது புத்தகப் பாடம். கணினியோ யானையைத் தூர அனுப்பிவிட்டுத் தப்பித்துக்கொண்டே இருந்தது. பிரவுன் திரும்பிப் போய் அந்த நிலையைத் தானே உட்கார்ந்து ஆராய்ந்தார். இரண்டாவது முறை சரியாக 50-ஆவது நகர்வில் வென்றார். கணினி அவருக்கு ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. விடாமல் எதிர்த்து ஆடியது, அவ்வளவுதான். காரணத்தை அவரே கண்டுபிடித்தார்.

குகேஷின் கதையையும் இந்த வரிசையில்தான் வைக்கிறேன். 2019-இல், 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனவர். அதுவரை அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா எஞ்சினைப் பக்கத்திலேயே அண்டவிடவில்லை. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூர் செந்தோசாவில் நடந்த கடைசி ஆட்டத்தில், 55-ஆவது நகர்வில் டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். திரையில் எஞ்சினோடு பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் சில நொடிகளில் விஷயம் தெரிந்துவிட்டது. பலகையின் முன்னால் இருந்த குகேஷுக்கு எண் எதுவும் கிடையாது. அவர் தானாகவே அதைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கண்டுபிடித்தார். 18 வயதில் உலகச் சாம்பியன்.

தன் ஆட்டங்களைத் தானே எழுதி அலசு, அலசியதை மற்றவர்கள் குறைசொல்லும்படி வெளியிடு என்பது பொட்வின்னிக் தன் மாணவர்களுக்குச் சொன்ன முறை. அவருடைய இயந்திரம் தோற்றாலும் இந்த முறை எஞ்சினோடு நன்றாகவே ஒத்துப்போகிறது. ஆட்டம் முடிந்ததும் நான் முதலில் நோட்டுப் புத்தகத்தைத்தான் திறக்கிறேன். எங்கே ஆட்டம் திரும்பியது, அந்த நகர்வை ஏன் ஆடினேன் என்று தமிழிலேயே எழுதுகிறேன். 'குதிரைக்கு நல்ல இடம் இல்ல, அதனால மாத்திக்கிட்டேன்' என்ற மாதிரி. அப்புறம்தான் எஞ்சின். நான் எழுதியதும் அது காட்டும் எண்ணும் எங்கே முட்டுகின்றனவோ, அந்த நிலையை நிறுத்தி, 'சரி, நீ எதிர்ப்பக்கம் ஆடு' என்று அதோடு ஆடிப் பார்க்கிறேன். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு இரவுகள் போய்விடும். எண்களை மட்டும் பார்த்தால் ஐந்து நிமிடம்தான்.

இப்போது பிரவுன் ஆடிய அந்த முடிவாட்டத்தை ஆடிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது வாரம். 50 நகர்வுக்குள் இன்னும் முடியவில்லை. ஆனால் யானை அடுத்து எந்தப் பக்கம் ஓடும் என்பது இப்பதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடுகிறது.