வெளுத்த இலையும் வெண்கதிரும்: காவிரிப் படுகை நெல்லில் மருந்தடிக்கும் காலம்

நெல்லைத் தாக்கும் அந்துப்பூச்சிகள் பல. காவிரிப் படுகையின் மருந்தடிப்பைப் பற்றிப் பேச அவற்றுள் இரண்டு போதும்: இலைச்சுருட்டுப் புழு, குருத்துப்பூச்சி. முன்னது இலையை நீளவாக்கில் மடித்து உள்ளிருந்து பச்சையத்தைச் சுரண்டும். வயல் வெளுப்பது வரப்பில் நிற்பவர் கண்ணில் உடனே படும். பின்னதன் புழு முட்டையிலிருந்து வெளிவந்த சில நாட்களிலேயே தண்டுக்குள் புகுந்துவிடுவதால், நடுக்குருத்து காய்ந்த பிறகோ கதிர் பதராகி வெளுத்த பிறகோதான் தெரியவரும். கண்ணில் பட்ட சேதத்துக்கு அவசர மருந்து, மறைந்த சேதத்துக்குக் காலங்கடந்த மருந்து என்னும் பழக்கமே பூச்சியைவிடப் பெரிய சிக்கல் என்பது என் துணிபு.

மருந்தடிக்கத் தொடங்கும் எல்லையாகப் பரிந்துரைக்கப்படும் பொருளாதாரச் சேத நிலைகளே இதற்குச் சான்று. குருத்துக் காய்தல் 10 விழுக்காடு வரை பொறுக்கத்தக்கது. வெண்கதிருக்கு எல்லை 2 விழுக்காடுதான். இலைச் சேதத்துக்கும் தூர் கட்டும் பருவத்தில் 10, பூக்கும்போது கதிரையொட்டிய கண்ணாடி இலையில் 5. இளம் பயிர் இழந்த தூருக்குப் புதுத் தூர் விடும். கதிருக்கு மாற்றுக் கதிர் இல்லை. வியட்நாமின் மீகாங் படுகையில் 1990களில் முதல் நாற்பது நாள் இலைப்புழுவுக்கு மருந்தடிக்க வேண்டாம் என்று பரப்புரை செய்தபோது, தெளிப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது, விளைச்சல் குறையவில்லை. முன்கூட்டிய தெளிப்பு சிலந்திகளையும் முட்டை ஒட்டுண்ணிகளையும் கொல்கிறது. புகையான் என்னும் தத்துப்பூச்சி பெருகுவது அதன் பின்விளைவு. குருத்துப்பூச்சி தன் முட்டைக் குவியலை மயிரால் போர்த்திவிடும். வயலில் விடப்படும் டிரைக்கோகிரம்மா என்னும் முட்டை ஒட்டுண்ணியால் அடியிலுள்ள முட்டைகளை எட்ட முடியாது. அங்கே கைகொடுப்பவை வயலில் தாமாகவே இருக்கும் டெட்ராஸ்டிகஸ், டெலனோமஸ் குளவிகள். மருந்துக்கு முதலில் சாவதும் இத்தகையவையே.

மீகாங் வேறு, தஞ்சை வேறு. இங்கே பிபிடி 5204 போன்ற சன்ன ரகங்களுக்கு யூரியாவை அள்ளிப் போடுவதால் சுருட்டுப்புழு கடுமையாக வரும் என்பர். உண்மைதான். ஆனால் அது யூரியாவைப் பல தவணையாகப் பிரித்து இடுவதற்கான காரணமே அன்றி, மருந்துக்கான காரணம் அன்று. குத்தகைக்காரர் நட்டத்துக்கு அஞ்சுவதும் நியாயமே. அவரைத் தெளிக்காதே என்று இங்கு யாரும் சொல்லவில்லை. பணத்தைக் கண்ணாடி இலைப் பருவத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வலுவான மறுப்பு வேறொன்று: குருத்துப்பூச்சியை மருந்தின்றித் தடுக்கும் பழைய வழிகள் இங்கே கைகூடுவதில்லை என்பது. நாற்றின் நுனி கிள்ளி நட்டால் அதிலுள்ள குருத்துப்பூச்சியின் முட்டைக் குவியல் போய்விடும் என்பது பழைய அறிவுரை. கடைமடையின் நேரடி விதைப்பில் கிள்ள நாற்றே இல்லை; இயந்திர நடவின் பாய் நாற்றோ கிள்ளும் உயரத்துக்கு வளர்வதில்லை. அறுவடைக்குப்பின் உடனே உழலாம் என்றால், சம்பா, தாளடி நிற்கும்போதே தை மாதத்தில் உளுந்து தெளித்துவிடுகிறார்கள். தாளின் அடியில் தங்கும் புழு உளுந்து முடியும்வரை பத்திரமாக இருக்கிறது. உளுந்தைக் கைவிடச் சொல்வது வீண்பேச்சு. தரையொட்டி அறுப்பது ஒன்றே அங்கு மிஞ்சும் வழி. ஆனால் அறுவடை இயந்திரங்கள் இன்று தாளை உயரமாகவே விட்டுச் செல்கின்றன.