கார்பரேட்டர் டியூனிங் வரலாறு

பெட்ரோலைக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவி கார்பரேட்டர். அந்தக் கலவையை எஞ்சினுக்குப் பொருந்தும்படி திருத்தி அமைப்பது கார்பரேட்டர் டியூனிங் எனப்படுகிறது. ஏறத்தாழ 100 ஆண்டுகள் காரின் இழுவையும் பெட்ரோல் செலவும் பெரிதும் மெக்கானிக்கின் இந்தக் கைவேலையைப் பொறுத்திருந்தன. காற்று மாசுச் சட்டங்கள் அந்த நிலையை மாற்றின.

தோற்றம்

கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற காரில், பெட்ரோலின் மேற்பரப்பைத் தொட்டுச் சென்ற காற்று அதன் ஆவியை எடுத்துச் சென்றது. இம்முறையில் கலவை வெப்பநிலைக்கேற்ப மாறியது. 1893இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும், ஹங்கேரியில் டொனாட் பாங்கி, யானோஷ் சோங்கா ஆகியோரும் பெட்ரோலைத் தெளிக்கும் கார்பரேட்டரை உருவாக்கினர். குறுகிய குழாயில் காற்று விரையும்போது அதன் அழுத்தம் குறைகிறது. அதனால் 'ஜெட்' எனப்படும் நுண்துளை வழியே பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது. துளையின் அளவை மாற்றினால் கலவையும் மாறும். டியூனிங்கின் அடிப்படை இதுவே.

ஒரே ஜெட் எல்லா வேகங்களுக்கும் போதவில்லை. வேகம் கூடக்கூடக் கலவையில் பெட்ரோல் மிகுந்தது. எனவே பல ஜெட்டுகள் கொண்ட கார்பரேட்டர்கள் வந்தன. பிரிட்டனில் ஸ்கின்னர் சகோதரர்களின் எஸ்.யூ. கார்பரேட்டர், காற்றின் அளவுக்கேற்ப உயர்ந்து தாழும் கூம்பு ஊசியால் இச்சிக்கலைத் தீர்த்தது.

டியூனிங் முறை

1 பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடை அளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. மிகுந்த சக்திக்குச் சுமார் 12.5 முதல் 13 பங்கு காற்றே ஏற்றது. பெட்ரோல் மிகுந்தால் கரும்புகை வரும். மிகக் குறைந்தால் எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் பழுதாகலாம்.

ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், வால்வு இடைவெளி, இக்னிஷன் டைமிங் ஆகியவற்றைச் சரிசெய்த பிறகே மெக்கானிக் கார்பரேட்டரைத் தொடுவார். எஞ்சின் சூடானதும் கலவை ஸ்க்ரூவைச் சிறிது சிறிதாகத் திருப்பி, சீரான ஓட்டம் கிடைக்கும் இடத்தில் நிறுத்துவார். பிளக் முனை கருத்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் குறைவு, இளம்பழுப்பு என்றால் சரி.

சட்டமும் ஸ்க்ரூவும்

பெட்ரோல் மிகுந்த கலவை சக்தி தந்தாலும் கார்பன் மோனாக்சைடையும் கூட்டியது. 1970இல் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத் திருத்தம், கார் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பன்களையும் 90 விழுக்காடு குறைக்கக் கோரியது. விருப்பம்போல் திருப்ப இயலாதபடி கலவை ஸ்க்ரூக்களுக்குத் தயாரிப்பாளர்கள் மூடியிட்டனர். மூன்று வகை நச்சுப் பொருள்களையும் ஒருங்கே நீக்கும் வினையூக்கி மாற்றி, 14.7 என்ற விகிதத்தை ஒட்டியே சரியாக வேலை செய்யும். ஓடும் காரில், நொடிக்கு நொடி மாறும் சுமைக்கிடையே அந்த நுட்பத்தை ஸ்க்ரூவால் காக்க இயலாது. புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் லாம்டா உணரி 1976இல் வந்தது. கலவையைத் திருத்தும் பணி படிப்படியாக மின்னணுக் கட்டுப்பாட்டுக்கும் எரிபொருள் பீச்சு முறைக்கும் சென்றது.

இந்தியாவில்

1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட 4 பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமானது. 2000க்குப் பின் வந்த விதிகளால் புதிய கார்களில் கார்பரேட்டர் மறைந்தது. இருசக்கர வாகனங்களில் அது 2020இல் பி.எஸ்.6 நடைமுறைக்கு வரும்வரை நீடித்தது. பழைய கார்களைப் பேணுவோருக்கு இன்றும் கார்பரேட்டர் டியூனிங் தேவைப்படுகிறது.