கம்ப்யூட்டர் போட்ட குத்துச்சண்டை

'சார்பட்டா பரம்பரை' (2021) பார்த்தவங்க பல பேருக்கு ஒரு கேள்வி மிச்சம் இருந்திருக்கும். டான்ஸிங் ரோஸும் வேம்புலியும் மோதினா யாரு ஜெயிப்பா? ஒருத்தர் காலால ஆடுறவர், இன்னொருத்தர் கையால இடிக்கிறவர். ரெண்டு பேரும் ஒரே இடியாப்ப பரம்பரை, அதனால படத்துல அந்த சண்டைக்கு வழியே இல்லை. நடக்காத சண்டைக்குத்தான் எப்பவும் சுவாரஸ்யம் ஜாஸ்தி :-)

அமெரிக்காவில் இதே மாதிரி நடக்காத சண்டை ஒன்றை கம்ப்யூட்டரை வச்சே நடத்திப் பார்த்தாங்க. கேஸ் போடுற அளவுக்குப் போன கதை அது.

1967. மயாமியில் முர்ரே வோரோனர்னு ஒரு ரேடியோ தயாரிப்பாளர். எல்லாக் காலத்து ஹெவிவெயிட் வீரர்களில் 16 பேரை எடுத்து, அவங்க வேகம், குத்தின் பலம், அடி தாங்கும் சக்தின்னு எல்லாத்தையும் எண்ணாக்கி, என்.சி.ஆர். 315 கம்ப்யூட்டரில் ஏத்தினார். அது கொடுத்த முடிவை நேரடி வர்ணனை மாதிரியே ரேடியோவில் ஒலிபரப்பினார். இறுதிப் போட்டியில் ராக்கி மார்சியானோ, ஜாக் டெம்ப்ஸியை 13வது ரவுண்டில் நாக் அவுட் செய்தார்னு தீர்ப்பு. முகமது அலி? காலிறுதியிலேயே பழங்கால ஜிம் ஜெஃப்ரிஸிடம் அவுட்!

அப்போ அலி இருந்த நிலைமையை யோசிச்சுப் பாருங்க. வியட்நாம் போருக்குப் போக மாட்டேன்னு ஏப்ரல் 1967ல் மறுத்துட்டார். பட்டத்தைப் பிடுங்கியாச்சு, லைசென்ஸும் போச்சு. நிஜ வளையத்துக்குள்ள விடாத ஆளை, பொய் வளையத்துலயும் தோற்கடிச்சா கோபம் வராதா? பத்து லட்சம் டாலர் கேட்டு மானநஷ்ட வழக்கு போட்டார். கடைசியில் சமரசம். மார்சியானோவோடு ஒரு கற்பனைச் சண்டையை சினிமாவா எடுக்கலாம், அலிக்கு 10,000 டாலரும் லாபத்தில் பங்கும்.

மார்சியானோ 49 சண்டை போட்டு 49லயும் ஜெயிச்சு, 1956ல் ஓய்வு பெற்றவர். இந்தப் படத்துக்காக சுமார் 50 பவுண்டு எடை குறைச்சு, தலைக்கு விக் வச்சுக்கிட்டு வந்தார். 1969ல் ஒரு நிமிட ரவுண்டுகளா எழுபதுக்கு மேல எடுத்தாங்க. முடிவும் பல விதமா எடுத்து வச்சாங்க, எது வரும்னு நடிச்ச ரெண்டு பேருக்குமே தெரியாது. படம் வெளியாகும் முன்னாடியே, 1969 ஆகஸ்ட் 31 அன்று, மார்சியானோ விமான விபத்தில் இறந்துட்டார். மறுநாள் அவருக்கு 46வது பிறந்தநாள்.

ஜனவரி 20, 1970ல் படம் தியேட்டர்களில் ஓடியது. அமெரிக்கப் பிரதியில் 13வது ரவுண்டில் மார்சியானோ நாக் அவுட் வெற்றி. ஐரோப்பாவுக்குப் போன பிரதியில், மார்சியானோ முகத்தில் வெட்டுக்காயம், அலி வெற்றி! ஒரே சண்டை, ஊருக்கு ஒரு தீர்ப்பு.

அந்த 13ஐ கவனிச்சீங்களா? 1952ல் மார்சியானோ ஜெர்சி ஜோ வால்காட்டை வீழ்த்தி நிஜமாவே பட்டம் வாங்கினதும் 13வது ரவுண்டில்தான். புள்ளிக் கணக்கில் பின்தங்கியிருந்து, ஒரே ஒரு வலது கைக் குத்து. எதிர்காலத்தைச் சொல்ல வந்த கம்ப்யூட்டர் ஜனங்களோட பழைய ஞாபகத்தைத்தான் திருப்பிச் சொல்லியிருக்குன்னு எனக்குத் தோணுது. தோற்காத வெள்ளைக்கார வீரர் ஒரு பக்கம், போருக்கு மறுத்த கறுப்பு வீரர் மறுபக்கம். அந்த வருஷத்து அமெரிக்காவில் பாதிப் பேர் எந்த முடிவுக்குக் காசு கொடுப்பாங்கன்னு சொல்ல கம்ப்யூட்டரே தேவையில்லை.

சரி, எண்களை நேர்மையா போட்டா மட்டும் விடை வந்துடுமா? வராது. அதுக்கு அடுத்த சில வருஷமே சாட்சி.

மார்ச் 1971: ஜோ ஃப்ரேசியர் அலியை 15 ரவுண்டு அடிச்சு, புள்ளியில் ஜெயிச்சார்.
ஜனவரி 1973: ஜார்ஜ் ஃபோர்மன் அதே ஃப்ரேசியரை ரெண்டே ரவுண்டில் ஆறு தடவை கீழே தள்ளினார்.
மார்ச் 1973: கென் நார்ட்டன் அலியின் தாடையை உடைச்சு ஜெயிச்சார்.
மார்ச் 1974: நார்ட்டனும் ஃபோர்மனிடம் ரெண்டாவது ரவுண்டில் காலி.

இந்தக் கணக்குப்படி ஃபோர்மன் அலியை என்ன பண்ணியிருக்கணும்? ஆனா அக்டோபர் 30, 1974, கின்ஷாசாவில் எட்டாவது ரவுண்டில் விழுந்தது ஃபோர்மன்!

காரணம் பாணி. அலி கையை இறக்கி வச்சு, தலையைப் பின்னால இழுத்து தப்பிக்கிறவர். குனிஞ்சு நெளிஞ்சு உள்ளே வர்ற ஃப்ரேசியரின் இடது கொக்கிக் குத்துக்கு அது வாகா அமைஞ்சது. ஆனா உள்ளே வர்ற ஆளைத் தள்ளி நிறுத்தி, கீழிருந்து மேலே குத்துறதுதான் ஃபோர்மனோட வேலையே. ஃப்ரேசியர் தானா நடந்து வந்து மாட்டினார். அலியோ கயிற்றில் சாய்ஞ்சு, தாங்கி, பிடிச்சு, ஃபோர்மனைக் களைக்க விட்டுட்டு அடிச்சார். கல், காகிதம், கத்தரிக்கோல் மாதிரிதான். மூணில் எது பெருசுன்னு கேட்டா என்ன சொல்றது?

அப்போ அலியும் மார்சியானோவும்? என் தீர்ப்பு இது. 1967ல் தடைக்கு முந்தைய அலின்னா, அந்தக் கால்களை ஆறடிக்கும் குட்டையான மார்சியானோ துரத்திப் பிடிக்கவே முடியாது. அவருக்கு முகம் சுலபமா கிழியும் வேற. ஐரோப்பியப் பிரதிதான் சரி. 1971ன் அலின்னா வேற கதை. கால் மெதுவாகிடுச்சு, குனிஞ்சு உள்ளே வர்ற ஃப்ரேசியரிடமே தோத்தார். மார்சியானோவும் அதே ஜாதிக் குத்துக்காரர்தான். அன்னிக்கு அமெரிக்கப் பிரதியே பலிச்சிருக்கலாம்.

இந்த ரெண்டு அலிக்கும் நடுவில் மூன்றரை வருஷம் இருக்கு. 25 வயசிலிருந்து 28 வரை, ஒரு குத்துச்சண்டைக்காரனுக்கு உடம்பு சொன்னபடி கேட்கிற காலம். அந்த அலியோட யார் மோதியிருந்தா என்ன ஆகியிருக்கும்? மார்சியானோ சண்டை நடக்காததுக்குக் காரணம் வயசு, அதை யாரும் தடுக்கலை. இந்தச் சண்டைகளை மட்டும் நடக்க விடாம நிறுத்தி வச்சாங்க. வோரோனர் கம்ப்யூட்டரில் போடாத கேள்வி அதுதான்.

உங்க தீர்ப்பு என்ன மக்களே? ஒரே நிபந்தனை: எந்த வருஷத்து அலின்னு சொல்லிட்டு அப்புறம் சண்டைக்கு வாங்க :-)