கூலியைக் குறைக்காத காயம்

கப்பல் பழுதுபார்க்கும் பட்டறைகளில் காது போன தொழிலாளர்கள் தொடுத்த வழக்கில், 1984-இல் இங்கிலாந்து நீதிபதி மஸ்டில் ஓர் ஆண்டை எல்லைக்கோடாக வைத்தார். 1963-க்குப் பிறகு தொழிலாளியின் காதுக்குப் பாதுகாப்புத் தராத முதலாளி கவனக்குறைவுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன் தராதவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. ‘இரைச்சலும் தொழிலாளியும்’ என்ற அரசுக் கையேடு வெளிவந்த ஆண்டு அது. இந்தத் தேதியை மட்டும் பார்ப்பவர்கள், அதுவரை உலகத்துக்கு விஷயம் தெரியாமல் இருந்தது என்றே எண்ணுவார்கள். அது உண்மையல்ல. கொதிகலன் தொழிலாளிகளின் செவிடு ஏன் வருகிறது, யாருக்கு வருகிறது, காதின் எந்த இடத்தைத் தாக்குகிறது என்பதெல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் தெரிந்துவிட்டன. தாமதமானது அறிவு அல்ல. எதைக் காயம் என்று கணக்கில் சேர்ப்பது என்ற தீர்மானம்தான் தாமதமானது.

தொழிலுக்கும் செவிட்டுக்கும் உள்ள உறவு பழைய செய்தி. தொழில் நோய்களைப் பற்றிய தம் நூலின் 1713-ஆம் ஆண்டுப் பதிப்பில் இத்தாலிய மருத்துவர் ரமாசினி, வெனிஸ் நகரில் ஒரே பகுதியில் குடியிருந்து நாளெல்லாம் செம்பு அடிக்கும் கன்னார்களுக்குக் காது மந்தமாகி, வயதான காலத்தில் அறவே கேட்காமல் போவதைப் பதிவு செய்தார். நீராவி யுகம் அந்தச் சம்மட்டிச் சத்தத்தை இரும்புக்குள் அடைத்தது. கிளாஸ்கோவின் கிளைடு ஆற்றங்கரைப் பட்டறைகளில் கொதிகலனின் தகடுகளை இணைக்கச் சிவக்கக் காய்ச்சிய ரிவெட்டைத் துளையில் செருகுவார்கள். ஒருவர் உள்ளே குனிந்து உட்கார்ந்து அதன் தலையைக் கனத்த இரும்பால் முட்டுக்கொடுத்துப் பிடித்திருப்பார்; வெளியே இருப்பவர்கள் மறுமுனையை மாறி மாறி அடித்துத் தட்டையாக்குவார்கள். உள்ளே இருப்பவருக்குச் சத்தம் வெளியேற வழியே கிடையாது. அவர் மிதித்து நிற்கும் தகடே அதிரும். பையன்களாக இந்த வேலைக்கு வந்தவர்கள் நடுவயதுக்குள் செவிடாவதைப் பட்டறை இயல்பாகவே எடுத்துக்கொண்டது.

அந்த இயல்பைக் கணக்கெடுத்துப் பார்த்தவர் கிளாஸ்கோவின் காது மருத்துவர் தாமஸ் பார். 1886-இல் வெளியான அவருடைய ஆய்வின் பலம் அதன் ஒப்பீட்டில் இருக்கிறது. கொதிகலன் தொழிலாளிகள் 100 பேரோடு, இரும்பு வார்ப்பவர்கள் 100 பேரையும் தபால்காரர்கள் 100 பேரையும் சோதித்தார். கடிகாரத்தின் டிக் டிக் ஒலி எவ்வளவு தூரம் வரை கேட்கிறது என்று அளந்தார். பொதுக்கூட்டத்தில் பேசுபவரின் பேச்சு விளங்குகிறதா என்றும் விசாரித்தார். கூட்டத்தில் கேட்கச் சிரமப்பட்டவர்கள், அல்லது கேட்கவே முடியாதவர்கள், கொதிகலன் தொழிலாளிகளில் 75 பேர். வார்ப்பவர்களில் 12 பேர். தபால்காரர்களில் 8 பேர். கொதிகலன்காரர்களில் ஒருவருக்குக்கூட முழுக் கேள்விப்புலன் இல்லை. வயதும் ஊரும்தான் காரணம் என்று சொல்லித் தப்பிக்க இந்த எண்கள் இடம் கொடுக்கவில்லை.

கேடு எங்கே நடக்கிறது என்பதும் விரைவில் தெளிவானது. உட்செவியின் சுருள்குழலான காக்ளியாவுக்குள் ஒலியை உணரும் உறுப்பை 1851-இலேயே அல்ஃபோன்சோ கார்ட்டி விவரித்திருந்தார். 1890-இல் ஹாபர்மன் என்ற மருத்துவர், இறந்துபோன கொதிகலன் தொழிலாளி ஒருவரின் காதெலும்பைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்து, அந்தச் சுருளின் முதல் சுற்றில் கார்ட்டி உறுப்பு அழிந்துகிடப்பதைக் காட்டினார். அங்கே இருக்க வேண்டியவை மயிர்ச்செல்கள். ஒரு காதில் உள்வரிசையில் சுமார் 3,500, வெளிவரிசைகளில் சுமார் 12,000. ஒவ்வொன்றின் தலையிலும் நுண்ணிழைகள் படிக்கட்டுபோல உயரம் கூடிக்கொண்டே நிற்கும். குட்டை இழையின் நுனியை அடுத்த நெட்டை இழையோடு ஒரு மெல்லிய இணைப்பு கட்டியிருக்கும். ஒலி வந்து இழைகள் சாயும்போது அந்த இணைப்பு இழுபட்டு வாயில்கள் திறக்கின்றன. பொட்டாசியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. நரம்புக்குச் செய்தி போகிறது. வெளிவரிசைச் செல்கள் சுருங்கி நீண்டு மெல்லிய ஒலியைப் பெருக்கித் தருகின்றன. மிகையான சத்தம் இழை இணைப்புகளை அறுக்கிறது, இழைகளைச் சாய்க்கிறது, தொடர்ந்தால் செல்லையே கொல்கிறது. முதலில் விழுபவை பெரும்பாலும் நுழைவாயில் பக்கத்து வெளிவரிசைச் செல்கள். அந்தப் பகுதி உயர் அதிர்வெண்களுக்கு உரியது. ‘ச’, ‘த’ போன்ற மெய்யொலிகளின் கூர்மை அங்கேதான் பிடிபடுகிறது. எனவே குரல் கேட்கும், சொல் விளங்காது. பார் கடிகாரத்தோடு நிற்காமல் பொதுக்கூட்டத்தைப் பற்றியும் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்பது இதிலிருந்து தெரிகிறது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் சட்டம் என்ன செய்தது? பிரிட்டனின் 1906-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம், விபத்துகளோடு ஆறு தொழில் நோய்களையும் முதன்முறையாகச் சேர்த்தது. ஆந்த்ராக்ஸ், ஈய நஞ்சு, பாதரச நஞ்சு போன்றவை அதில் இருந்தன, செவிடு இல்லை. பட்டியலை விரிவாக்குவது பற்றி 1907-இல் ஆராய்ந்த அரசுக் குழு கொதிகலன்காரர்களின் செவிட்டையும் எடுத்துப் பார்த்தது. தொழிலால் வருவதல்ல என்று அது மறுக்கவில்லை. காது கேட்காதவரும் அதே பட்டறையில் அதே வேலையைத் தொடர முடிகிறதே என்பதுதான் தடையாக நின்றது. இழப்பீடு என்பது இழந்த கூலிக்கு ஈடு. கூலி குறையவில்லையென்றால் இழப்பும் இல்லை. என் வாதத்தின் மையம் இந்த இடம்தான். வீட்டில் மனைவி பேசுவது விளங்காதவர், கூட்டத்தில் வாய்பேசாமல் உட்கார்ந்திருப்பவர், அந்தக் கணக்கில் முழுமையான மனிதர், ஏனென்றால் அவர் இன்னும் ரிவெட் அடிக்கிறார்.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றில் நியாயமும் உண்டு. அளக்கும் கருவியே அன்று இல்லையே என்பது ஒன்று. செவித்திறனைத் துல்லியமாக அளக்கும் ஆடியோமீட்டர் 1920-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. எத்தனை டெசிபல், எத்தனை ஆண்டு, எவ்வளவு இழப்பு என்ற கணக்கை பர்ன்ஸ், ராபின்சன் இருவரும் 1970-இல்தான் விரிவாகத் தந்தார்கள். சட்டத்துக்கு வரம்பு எண் வேண்டும் என்றால் அதற்குக் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் காதை அடைக்கச் சொல்ல டெசிபல் எதற்கு? காதை அடைத்துக்கொள்ளும் யோசனையை பார் 1886-இலேயே சொல்லிவிட்டார். தொழிலாளிகளே அதை விரும்பவில்லை என்பது அடுத்த மறுப்பு. அதுவும் பொய்யல்ல. ஆனால் இந்தக் கேடு வலிப்பதில்லை, இரத்தம் வருவதில்லை. தொடக்க காலத்தில் வேலை முடிந்து ஓய்வெடுத்தால் காது ஓரளவு தெளிந்தும் விடுகிறது. அப்படித் தெளிந்த பிறகும் மயிர்ச்செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகள் நிரந்தரமாகப் போயிருக்கலாம் என்பதை எலிகளில் குஜாவா, லிபர்மன் ஆகியோர் 2009-இல்தான் காட்டினார்கள். செவிடாவதே தொழிலின் இயல்பு என்று கேட்டு வளர்ந்த பையன் காதை அடைக்கும் பஞ்சை வேண்டாம் என்றதைச் சுதந்திரமான முடிவு என்று சொல்ல முடியாது. நீதிபதி மஸ்டிலும் முதலாளிகள் அறியாதவர்கள் என்று சொல்லவில்லை. அந்தத் தொழில் முழுவதுமே இதைத் தவிர்க்க முடியாததாக ஏற்றுக்கொண்டிருந்தது என்றார். பொது வழக்கமே முதலாளிக்குக் கேடயமாயிற்று.

காலம்தான் தீர்த்துவைத்தது என்பாரும் உண்டு: வெல்டிங் வந்து ரிவெட்டை விரட்டியது, சத்தமும் போயிற்று என்று. போகவில்லை. காற்றழுத்த உளியும் தேய்ப்புச் சக்கரமும் அதே கப்பல் கூடுகளுக்குள் தொடர்ந்தன. 1971-இல் தொழிலால் வந்த செவிட்டுக்காக முதலாளிமீது தொடுத்து முதன்முதலாக வெற்றிபெற்ற வழக்கு, கப்பல் சுழல்விசிறி செய்யும் ஆலையில் உளிவேலை பார்த்தவருடையது. 1975-இல் அரசின் இழப்பீடு வந்தபோதும் வாசல் குறுகலாகவே இருந்தது: குறிப்பிட்ட வேலைகளில் 20 ஆண்டு உழைத்திருக்க வேண்டும், இரு காதிலும் சராசரியாக 50 டெசிபல் போயிருக்க வேண்டும். செவிப்புலன் இழப்பே ஓர் இழப்பு என்று ஒப்புக்கொள்ள, பாரின் ஆய்வுக்குப் பிறகு ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆயின.

இனி, அழிந்த செல்லை மீண்டும் முளைக்கவைக்கும் முயற்சி. பறவைகளின் காதில் இறந்த மயிர்ச்செல்களுக்குப் பதிலாகப் பக்கத்துத் தாங்குசெல்கள் பிரிந்து புதியவற்றைத் தருகின்றன என்பதை 1988-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் காட்டின. மனிதனின் காக்ளியா பிறந்த பிறகு இதைச் செய்வதில்லை. 2013-இல், சத்தத்தால் செவிடாக்கப்பட்ட எலிகளில் ஒரு மருந்து தாங்குசெல்களில் சிலவற்றை மயிர்ச்செல்களாக மாற்றி, ஓரளவு கேட்கும் திறனையும் மீட்டது. மனிதர்களில் பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட எஃப்எக்ஸ்-322 என்ற மருந்து 2023-இல் சோதனையில் தோற்றது. புதிய செல் தோன்றினால் மட்டும் போதாது. சரியான இடத்தில் அமர்ந்து, சரியான நரம்போடு இணைந்து, வரிசையோடு ஒத்திசைய வேண்டும். இந்த முயற்சி வெல்ல வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது வென்றால் 1907-இன் வாதம் புது வலுவோடு வரும்: கூலியும் குறையவில்லை, காதும் திரும்பிவிட்டது, பிறகு என்ன நஷ்டம்? இடைப்பட்ட ஆண்டுகளில் விளங்காமல் போன பேச்சை எந்த மருந்தும் திருப்பித் தராது. அதே இரைச்சலுக்குத் திரும்பும் தொழிலாளியின் புதிய செல்லும் பழையதைப் போலவே சாகும். சத்தத்தை அது பிறக்கும் இடத்திலேயே குறைப்பது பட்டறையின் செலவு. காதைப் பின்னால் பழுதுபார்ப்பது தொழிலாளியின் செலவு. அந்தச் செலவை யார் தலையில் வைப்பது என்பதுதான் கிளைடு கரையில் எழுந்த கேள்வி. மருந்து வந்தாலும் அதற்கு விடை சட்டம்தான் சொல்ல வேண்டும்.