இரண்டு வெள்ளைகள்

அறைச் சுவருக்கு எந்த வெள்ளை அடிக்கலாம் என்ற கேள்வி இன்று கண்ணுக்குப் பிடித்ததோடு முடிந்துவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அதற்குள் பெயின்டரின் உயிர் இருந்தது. அப்போது பெருவழக்கில் இருந்தது ஈய வெள்ளை. ஈயத் தகடுகளைக் காடியின் ஆவியில் பல வாரம் அரிக்கவிட்டுக் கிடைக்கும் பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் பூசினார்கள். சுவரை நன்றாக மறைக்கும், சீக்கிரம் காயும், உறுதியாக நிற்கும். அதைக் குழைத்தவர்களுக்கும், காய்ந்த பூச்சை உப்புத்தாளால் தேய்த்தவர்களுக்கும் வயிற்றைச் சுருட்டும் வலி வந்தது. நாளாக நாளாக மணிக்கட்டு துவண்டு தொங்கியது. ஓவியர்களுக்கு வரும் நோய்களை இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸீனி 1700இலேயே எழுதிவிட்டார். ஆகவே, தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல வழியில்லை.

மாற்றும் கையருகில் இருந்தது. துத்தநாக வெள்ளையை 1780களில் பிரெஞ்சு வேதியியலாளர் கீத்தோன் த மொர்வோ முன்வைத்தார். 1840களில் பாரிஸில் வீடுகளுக்கு வண்ணமடிக்கும் ஒப்பந்தக்காரரான எத்ம்-ழான் லெக்லேர் அதைத் தன் தொழிலுக்குள் கொண்டுவந்தார். தன் ஆட்களுக்கு லாபத்தில் பங்கு கொடுத்தவர் அவர். அவர்களுடைய உடம்பும் தன் கணக்கில் சேரும் என்று நினைத்ததில் வியப்பில்லை. நிறத்தை மட்டும் பார்த்தாலும் துத்தநாகமே மேல். நிலக்கரி வாயு விளக்கு எரிந்த அறைகளில் காற்றிலிருந்த கந்தகம் ஈய வெள்ளையைக் கறுக்கச் செய்தது. துத்தநாகம் வெள்ளையாகவே நின்றது.

அப்படியும் ஈயம் விலகவில்லை. துத்தநாகம் குறைவாகவே மறைக்கும், கூடுதலாக ஒரு பூச்சு வேண்டும், காயத் தாமதமாகும் என்றார்கள். இந்தக் குறைகள் உண்மையானவை. ஆனால் அறைக்குள் பூச்சைச் சோதிக்க வெயிலும் மழையும் இல்லை. அங்கே கேட்கப்பட்டது ஒரு பூச்சுக்கான கூலி மட்டுமே. கையைக் கழுவி, நனைத்துத் தேய்த்தால் போதும் என்பது இன்னொரு வாதம். 1926இல் பிரிட்டன் அந்த வழியைத்தான் சட்டமாக்கியது. அது தொழிலாளியை ஓரளவு காத்திருக்கலாம். உரிந்த பூச்சை வாயில் வைக்கும் குழந்தையை அது காக்காது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் குழந்தைகளைத் தாக்கிய ஈய நஞ்சு வீட்டு வண்ணப்பூச்சிலிருந்து வருகிறது என்று மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன் 1904இலேயே காட்டியிருந்தார்.

சட்டம் போடாமல் விட்டிருந்தால், பின்னால் வந்த டைட்டானியம் வெள்ளை தானாகவே ஈயத்தை விரட்டியிருக்கும் என்று வாதிடுபவர்கள் அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். பிரான்ஸ் 1909இல் சட்டம் இயற்றி 1915 முதல் ஈய வெள்ளையைத் தடுத்தது. 1921இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு கட்டடங்களின் உட்புறத்தில் அதைத் தடைசெய்யும் உடன்படிக்கையை ஏற்றது. அமெரிக்கா அந்த உடன்படிக்கையில் சேரவில்லை. டைட்டானியம் வெள்ளை அந்த நாட்டிலேயே முதல் உலகப் போர்க் காலம் முதல் தயாராகியும், வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு நாடு முழுவதற்குமான தடை வந்தது 1978இல்தான். வாங்குபவரின் ரசனையோ சந்தையின் போட்டியோ இந்த வேலையைச் செய்துவிடவில்லை; சட்டம்தான் செய்தது.

இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல்தான் வந்தது. அதற்கு முன்பு அடித்த எண்ணெய்ப் பெயின்ட் நம் வீட்டுக் கதவுகளிலும் சன்னல்களிலும் இன்னும் இருக்கக்கூடும். அதைச் சுரண்டப் பெயின்டரை அழைக்கும்போது, முதலில் நனைக்கச் சொல்லுங்கள். தூசு அடங்கும்வரை குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள்.