குறவஞ்சி நிலத்தில் குற்றவியல் கல்வி: தென்காசி வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குச் செல்லும் வழியில் அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. 1990இல் தொடங்கப்பெற்ற இப்பல்கலைக்கழகத்தில் குற்றவியலுக்கும் குற்றவியல் நீதிக்கும் தனித்துறை உண்டு. அதே வழியில் மேற்கே சென்றால் குற்றாலம். அங்கே 1964 முதல் ஸ்ரீபராசக்தி மகளிர் கல்லூரி இயங்கி வருகிறது. தமிழிலக்கியம் பயில்வோர்க்குக் குற்றாலம் என்றதும் நினைவுக்கு வருவது குறத்தி; குற்றவியல் வரலாறு பயில்வோர்க்கு அதே குறவர் பெயர் ‘குற்றப் பழங்குடி’ என்னும் தலைப்பின்கீழ் அறிமுகமாகிறது. ஒரே பெயர் இரண்டு பாடங்களில் இரண்டு பொருள் பெற்றது எவ்வாறு என்பதைக் காண்பதும், குற்றவியல் நீதிக் கல்வியின் வரலாற்றை இவ்வட்டாரத்திலிருந்து எழுதினால் அதன் தொடக்கம் எங்கே அமையும் என்று ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

வழக்கமான வரலாறு

குற்றவியல் கல்வியின் வரலாற்றைப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில் சொல்கின்றன. 1908இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரக் காவல்துறைத் தலைவர் ஆகஸ்ட் வோல்மர் காவலர்க்கென ஒரு பள்ளி தொடங்கினார். 1912இல் ஆஸ்திரியாவின் கிராஸ் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் கிராஸ் குற்ற ஆய்வு நிறுவனம் ஒன்றை அமைத்தார். 1968இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய குற்றத்தடுப்புச் சட்டத்தின்கீழ்க் காவலர்கள் கல்லூரியில் பயில அரசு நிதி வழங்கியது; அந்நிதியைப் பெற்று அந்நாட்டு ஈராண்டுச் சமுதாயக் கல்லூரிகளில் குற்றவியல் நீதிப் படிப்புகள் பெருகின. இந்தியாவில் சாகர் பல்கலைக்கழகம் 1959இல் இத்துறையைத் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு 1970இல் இந்தியக் குற்றவியல் கழகம் உருவானது. பாதிக்கப்பட்டோரியலை இந்நாட்டில் வளர்த்தவர்களுள் முதன்மையானவரான கே. சொக்கலிங்கம் சென்னையில் பேராசிரியராக இருந்து, பின்னர் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். இணையக் குற்றவியல் என்னும் துறைப்பெயரை 2007இல் முன்மொழிந்த கே. ஜெய்சங்கரும் அப்பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவரே.

இவ்வரிசையில் பிழையில்லை. ஆயினும், கல்வி நிறுவனம் வருமுன் இந்நிலத்தில் குற்றம் பற்றிய அறிவே இல்லாதிருந்தது போன்ற தோற்றத்தை இது தந்துவிடுகிறது.

காவல் என்னும் பழைய முறை

சொக்கம்பட்டி, ஊத்துமலை, சிவகிரி முதலிய பாளையங்கள் இன்றைய தென்காசி மாவட்டப் பகுதியில் இருந்தவை. பாளையக்காரர்களின் வருவாயில் காவல்வரிக்குப் பெரும்பங்கு இருந்தது. ஓர் ஊரளவில் அமைந்தது ஸ்தலகாவல்; பல ஊர்களையும் வழிகளையும் தழுவியது தேசகாவல். காவல் பொறுப்பேற்றவர் விளைச்சலில் பங்கோ ஏரளவில் கூலியோ பெற்றார். களவு நிகழ்ந்தால் பொருளை மீட்டுத் தரவேண்டும்; இயலாதபோது ஈடு தரவேண்டும். களவு கண்டுபிடிக்கப்படாவிட்டால் இழப்பைக் காவல் ஏற்றவரே தாங்கவேண்டும் என்பது இம்முறையின் அடிப்படை. பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு என்பதைப் புதுக் கருத்தாகக் கற்பிக்கும் வகுப்பறையில் இச்செய்தி பேசப்படாதிருப்பது எனக்கு வியப்பளிக்கிறது.

அதற்காக இம்முறையைப் பொற்கால நினைவாகப் போற்றுவதும் முறையன்று. காவல்கூலி தர மறுத்த ஊரில் மாடு காணாமற்போவதும், ‘துப்புக்கூலி’ தந்தபின் அது திரும்பி வருவதும் தென்மாவட்டங்களில் நடந்தவையே. காப்பவர் யார், கூலி தருபவர் யார் என்பதில் சாதியின் ஆதிக்கமும் கலந்திருந்தது. காவலுக்கும் மிரட்டலுக்கும் இடையிலான எல்லை மெலிதாகவே இருந்தது.

பாளையங்களின் காவல் வருவாயைக் கலெக்டர் லூஷிங்டன் ஆராய்ந்து எழுதிய அறிக்கைகளைக் கால்டுவெல் தம் திருநெல்வேலி வரலாற்று நூலில் (1881) எடுத்தாண்டுள்ளார். 1801ஆம் ஆண்டுப் போருக்குப்பின் தேசகாவலைக் கும்பினியரசு தன்வசமாக்கிக்கொண்டது. 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதி ஊர்க்காவலரை ஊர்த்தலைவர்க்குக் கீழ்ப்படுத்தியது. 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் சம்பளம் பெறும் காவல்துறையை நிறுவியது. சட்டப்படி காவல் உரிமை மறைந்தது. நடைமுறையில் பல ஊர்களில் அது நீடித்தது. முன்பு காவல் புரிந்தோர் இப்போது அரசின் கண்ணுக்குக் கண்காணிக்கப்படவேண்டியோர் ஆயினர். பிற்காலத்தில் சீர்மரபினர் பட்டியலில் திருநெல்வேலி மறவர் இடம்பெற்றிருப்பதன் பின்னணியில் இந்த மாற்றமும் உண்டு.

குறத்தியிலிருந்து குற்றப் பழங்குடி வரை

தென்காசியை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குற்றாலக் குறவஞ்சியை இயற்றினார். மதுரை நாயக்கர் முத்துவிசயரங்க சொக்கநாதர் இதற்காக அவருக்கு அளித்த நிலம் ‘குறவஞ்சி மேடு’ எனப் பெயர் பெற்றது. நூலின் பிற்பகுதியில், ஊரூராகச் சென்று திரும்பிய சிங்கியின் உடலில் புதிய அணிகளைக் கண்டு சிங்கன் ஐயுற்று வினவுகிறான். அவள் ஒவ்வோர் அணிக்கும் எந்த நாட்டில் குறி சொல்லிப் பெற்றது எனக் கணக்குச் சொல்கிறாள். ஐயம் நகைச்சுவையாக எழுந்து காதலில் முடிகிறது.

இதே காட்சியை 1892ஆம் ஆண்டின் கண்கொண்டு காண்போம். அவ்வாண்டில் சென்னை மாகாணக் காவல்துறை அதிகாரி முல்லாலி, மாகாணத்தின் ‘குற்ற வகுப்பினர்’ பற்றிய குறிப்புநூல் ஒன்றை வெளியிட்டார். அதில் கொறவருக்குத் தனியிடம் உண்டு. நிலையான வீடின்மை, ஊர்சுற்றல், குறிசொல்லல், கூடைமுடைதல் ஆகியவை அந்நோக்கில் வாழ்க்கைமுறை அல்ல, களவுக்கான திரை. சிங்கி காலில் அணிந்த சிலம்பு இங்கே சான்றுப்பொருள் ஆகிவிடும். இரயில்வே காவல்துறையைச் சேர்ந்த பாப்பாராவ் நாயுடு இரயில் திருடர்களைப் பற்றிக் காவலர்க்குப் பயன்படுமாறு நூல் எழுதினார். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், உடலளவையியல் பற்றிக் காவல் அதிகாரிகளுக்கு விரிவுரைகள் ஆற்றினார். தமிழ்நாட்டில் குற்றம் என்பது ஒரு பாடமாகக் கற்பிக்கப்பட்ட முதல் வகுப்பறைகளுள் இவை அடங்கும். அவ்வகுப்பறையில் மாணவர் காவலர், பாடப்பொருள் சாதி.

1871இல் வடஇந்தியாவுக்கென வந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911இல் திருத்தப்பெற்றுச் சென்னை மாகாணத்திற்கும் உரியதாயிற்று. பதிவு செய்யப்பட்டோர் குறித்த கால இடைவெளியில் நேர்நிற்கவும், இருப்பிட மாற்றத்தைத் தெரிவிக்கவும், விரல்ரேகை தரவும் கட்டாயப்படுத்தப்பட்டனர். மக்கள் இதனை ‘ரேகைச் சட்டம்’ என்றது பொருத்தமே. கொறவர் உப்பும் தானியமும் ஏற்றிச் சென்று விற்ற வணிகத்தை ஆங்கிலேயரின் உப்புக் கொள்கையும் இரயில்பாதையும் சிதைத்தன என்பதை மீனா ராதாகிருஷ்ணா 2001இல் வெளிவந்த தம் ஆய்வில் விளக்கியுள்ளார். வணிகம் இழந்தவரின் நடமாட்டமே பின்னர் அவர்மீதான குற்றச்சாட்டாயிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. குறவஞ்சியின் சிங்கியும் காவல் ஏட்டின் கொறவரும் ஒரே மக்கள் எனக் கொள்வது எளிமைப்படுத்தல் ஆகும். முன்னது இலக்கிய மரபு வடித்த உரு. பின்னது பல குழுக்களை ஒரு பெயரில் அடைத்த நிருவாகப் பகுப்பு. ஆனால் ‘ஊர்சுற்றும் குறத்தி’ என்னும் அடையாளம் இரண்டிற்கும் பொது. அதன் மதிப்பு மட்டும் தலைகீழானது.

பாடத்திட்டம் யாருக்கு?

சென்னை மாகாணம் இச்சட்டத்தை 1947இல் நீக்கியது. அடுத்த ஆண்டே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. பெயர் மாறிற்று, பழைய ஐயம் புதிய சொல்லுக்குள் குடியேறியது.

1995இல் புதுச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் தொடங்கப்பெற்ற சமுதாயக் கல்லூரிகள், பெயரளவில் அமெரிக்க மாதிரியைச் சார்ந்தவை, நோக்கத்தில் வேறானவை. பள்ளிப்படிப்பை இடையில் விட்டவர்க்கும் உயர்கல்வியின் வாயிலில் நிறுத்தப்பட்டவர்க்கும் தொழிற்கல்வி தருவதற்காகச் சென்னையில் சேவியர் அல்போன்ஸ் போன்றோர் இவற்றை வளர்த்தனர். அமெரிக்காவில் அரசின் நிதி பணியிலிருந்த காவலரைக் கல்லூரிக்குக் கொண்டுவந்தது. இங்கே கல்லூரி ஒதுக்கப்பட்டவரை நாடிச் சென்றது. எனவே தென்காசி வட்டாரத்தில் குற்றவியல் நீதியை இத்தகைய வகுப்பறையில் கற்பிக்க முனைந்தால், முன்வரிசையில் அமர்பவர் ஒருகாலத்தில் ரேகை வைத்தவரின் கொள்ளுப்பேரராகவும் இருக்கக்கூடும். அவர்முன் ‘குற்றப் பழங்குடிகள்’ என்னும் அலகை வெறும் வகைப்பாடாக ஆசிரியர் நடத்த முடியுமா? அந்த அலகு குற்றம் செய்தோரைப் பற்றியதன்று, ஓர் அரசு குற்றத்தைப் பிறப்போடு பிணைத்த முறையைப் பற்றியது எனத் தொடங்குவதே வரலாற்றுக்கு நேர்மையானது என்பது என் கருத்து. அவ்வகையில் குற்றாலக் குறவஞ்சியும் காவல் முறையும் அப்பாடத்திட்டத்தின் முதற்பகுதியில் இடம்பெறத் தக்கவை. தமிழ்த்துறையும் குற்றவியல் துறையும் இணைந்தே அதனைக் கற்பிக்க இயலும்.

இது கடந்த காலத்தோடு முடிந்துபோன செய்தியும் அன்று. தென்காசியிலிருந்து ஏறத்தாழ 55 கி.மீ. தொலைவிலுள்ள திருநெல்வேலியின் மறுபுறம், பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து வைப்பதை எதிர்த்த மனுவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2014இல் தள்ளுபடி செய்தது. மோதலைத் தவிர்க்கவே அவ்வாறு செய்யப்படுகிறது என்னும் அரசின் விளக்கத்தை அது ஏற்றது. உச்சநீதிமன்றம் 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் அந்த விளக்கத்தை ஏற்க மறுத்தது. ஒழுங்கைக் காப்பது சிறை நிருவாகத்தின் கடமை. அதற்குச் சாதிப் பிரிவினை வழியாகாது என்றது. சிறைப் பதிவேடுகளிலிருந்து சாதிப் பத்தியை நீக்கவும், சீர்மரபினரைப் பிறப்பாலேயே வழக்கமான குற்றவாளியாகக் கருதும் விதிகளைக் களையவும் ஆணையிட்டது. 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் 2024ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் அருகருகே வைத்து மாணவரைப் படிக்கச் செய்யலாம். முல்லாலியின் பக்கங்களை அதற்கு முந்தைய வாரத்திலேயே அவர்கள் படித்திருக்கவேண்டும்.