பீட்டில் மகிழுந்தின் எஞ்சினை இறக்குதல்

2003 வரை உற்பத்தி செய்யப்பட்ட வோக்சுவாகன் பீட்டில் மகிழுந்தில், காற்றால் குளிர்விக்கப்படும் எஞ்சின் பின்புறத்தில் அமைந்துள்ளது. பெரும்பாலான மாதிரிகளில் அதற்கெனத் தனித் தாங்கிகள் கிடையாது. நான்கு இணைப்புகளால் கியர்பெட்டியில் பூட்டப்பட்டு அதிலேயே தொங்குகிறது. எடை ஏறத்தாழ 100 கிலோகிராம் மட்டுமே. ஆகையால் பழுதுபார்ப்போர் பலர் கிரேன் இன்றி, சக்கரம் பொருத்திய ஜாக்கியைக் கொண்டு வீட்டிலேயே இதனை அடிவழியாக இறக்குகின்றனர்.

மின்கலம், எரிபொருள் குழாய், முடுக்கிக் கம்பி முதலியவற்றின் இணைப்புகளை நீக்கியபின், வண்டியின் பின்பகுதி உயர்த்தப்பட்டு உறுதியான ஸ்டாண்டுகளின் மீது நிறுத்தப்படும். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டியின் கீழ் எவரும் செல்லலாகாது. அதன் எண்ணெய் கசிந்தாலே வண்டி இறங்கிவிடும்.

கடைசி நட்டைக் கழற்றுமுன் எஞ்சினின் எடையை ஜாக்கி ஏற்றிருத்தல் வேண்டும். கியர்பெட்டியின் தண்டு கிளட்ச் தட்டினுள் செருகியிருப்பதால், எஞ்சினை முதலில் மட்டமாகப் பின்னோக்கி இழுத்து, தண்டு முழுதும் விடுபட்ட பின்னரே இறக்க வேண்டும். இடையில் எடை தண்டின் மீது சாய்ந்தால் கிளட்ச் தட்டு வளைந்துவிடும்.

திரும்பப் பொருத்துதலே கடினமானது. கிளட்ச் தட்டு முன்னதாக நடுமையப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். தண்டின் பற்கள் பொருந்தாவிடில், வண்டியைக் கியரில் வைத்து எஞ்சினின் கப்பியை மெல்லத் திருப்புவர். நட்டுகளை முறுக்கி எஞ்சினை உள்ளிழுக்க முயன்றால், மக்னீசியக் கலப்புலோகத்தாலான கூடு வெடிக்கக்கூடும்.